கடைவாசலில் குடித்தனம்

கொலம்பஸ்,
ஒஹாயோ மாகாணம்.

மரியாதைக்குரிய அண்ணா அவர்களுக்குத் தம்பி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ராஜமும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்துக்கும் அண்ணியின் முழங்கால்களின் க்ஷேமத்துக்கும் தனித்தனியே பதில் எழுதக் கோருகிறேன்.

தங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் சிரிப்பும் பின்னர் சிறிது கலக்கமும் உண்டாயிற்று. மாயவரத்தில் ஏதோ ஒரு சஷ்டியப்தபூர்த்திப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட நேரத்தில், நானும் என் சம்சாரமும் அமெரிக்காவில் இரவு வேளைகளில் கடைவாசலில் படுத்துறங்குகிறோம் என்று ஒருவர் சொல்ல, அதைக் காதாரக் கேட்ட தாங்கள், மறுநாளே பாங்கிக்குச் சென்று எனக்குப் பணம் அனுப்பும் மார்க்கம் என்னவென்று விசாரித்திருக்கிறீர்கள். தமையன் என்ற ஸ்தானத்துக்கு இதைக் காட்டிலும் மேலான லட்சணம் ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் அந்தப் பணத்தைத் தாங்கள் அனுப்ப வேண்டியதில்லை. செய்தி கொணர்ந்தவர் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மோர் சாதத்துக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். நாங்கள் உறங்குவது கடைவாசலில் என்பது மெய். உறங்குவது எங்கள் சொந்த வீட்டுக்குள் என்பதும் மெய். அந்த வீட்டுக்கு ஆறு சக்கரங்கள் இருப்பதனால் அது இரவு நேரத்தில் ஏதாவதொரு கடைவாசலைத் தேடிக்கொண்டு போகும்படி ஆகிறது.

இந்த நாட்டில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒருவித சஞ்சார மோகம் பிடித்துக்கொள்வது வழக்கம். நம் பக்கத்தில் அந்த வயதில் காசியாத்திரையைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே மோட்டார் வீடு வாங்குகிறார்கள். நானும் அப்படி ஒன்றை, சஞ்சாரம் அலுத்துப்போன ஒரு வயோதிகத் தம்பதியிடமிருந்து, இரண்டாம் கையாக வாங்கினேன். நீளம் 25 அடி. ஃபோர்டு லாரி ஒன்றின் அடிச்சட்டத்தின்மேல் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். ஓட்டுபவரின் தலைக்கு மேலே ஏணி வைத்து ஏறும் படுக்கை ஒன்று. சாப்பாட்டு மேஜையைத் தாழ்த்தினால் கிடைக்கும் படுக்கை மற்றொன்று. மூன்று பர்னர் காஸ் அடுப்பு. மின்சாரம் இருந்தால் மின்சாரத்திலும் இல்லாவிட்டால் காஸிலும் குளிரும் குளிர்ப்பெட்டி. உள்ளே போனவர் திரும்பாமல் இருக்கச் சம்மதித்தால் நிற்பதற்குத் தாராளமாக இடம் இருக்கிற குளியலறை. அடிவயிற்றில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. முதலாவதில் நல்ல தண்ணீர். இரண்டாவதில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும். மூன்றாவதில் இருப்பதைத் தமையனாருக்கு எழுதும் கடிதத்தில் விஸ்தரிப்பது உசிதமன்று. லிட்டர் பெட்ரோலுக்கு நாலு கிலோமீட்டர் ஓடினால் வண்டி திருப்தியான மனநிலையில் இருக்கிறதென்று அர்த்தம். இப்படிப்பட்ட வண்டிகளை ஐயோவா மாகாணத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற ஒரு சிற்றூரில் வின்னபேகோ என்ற கம்பெனி 1966-ஆம் வருஷத்திலிருந்து ஏராளமாகச் செய்து தள்ள, அது முதல் தேசத்தின் ஓய்வூதியம் முழுவதும் சக்கரத்தின்மேல் ஏறிவிட்டது என்று சொன்னால் மிகையாகுமே தவிரப் பொய்யாகாது.

இந்தக் கோடையில் எல்லோஸ்டோன் வனத்தைப் பார்ப்பதற்காக மேற்கே புறப்பட்டோம். 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஐயோவாவைக் கடக்கச் சுமார் 300 மைல். அதற்கு அப்பால் நெப்ராஸ்காவைக் கடக்கச் சுமார் 450 மைல். ஜனாதிபதி ஐசனோவர் 1956-இல் கையெழுத்திட்ட சட்டத்தினால் பிறந்த இந்த ராஜபாட்டையின் இருமருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவுமாகவே இருக்கக் காண்கிறோம். பார்த்தால் மனுஷ சஞ்சாரமே இல்லாத அகண்ட வெளி. ஆனால் அதில் ஒரு சாண் பாக்கியில்லாமல் யாரோ ஒருவருடைய பட்டா. வரப்போரத்தில் வண்டியைச் சற்றே ஒதுக்கிக் கண்ணயர்ந்தால் அது அத்துமீறிப் பிரவேசித்த குற்றமாகிவிடும். வையோமிங் மாகாணத்துக்குள் போய்விட்டால் பயமில்லை. அங்கே மத்திய சர்க்காரின் நில நிர்வாக இலாகாவுக்குச் சொந்தமான பொட்டல்கள் லட்சக்கணக்கான ஏக்கர்கள் உண்டு; பொதுவாக 14 நாள் வரையில் காசில்லாமல் தங்கலாம்; கேட்பாரில்லை. செழித்த பூமியில் படுக்க இடமில்லை, வறண்ட பூமியில் வேண்டுமட்டும் இடம் என்கிற இந்த விநோதத்தைத் தாங்கள் சிறிது மனத்தில் வைத்துக்கொண்டால், ராத்திரியில் நாங்கள் கடையைத் தேடிய காரணம் விளங்கிவிடும். சாலையோரத்தில் சர்க்கார் கட்டிவைத்த இளைப்பாறுமிடங்கள் இருக்கின்றனவே என்றால், பல மாகாணங்களில் அங்கே இத்தனை மணி நேரத்துக்குமேல் நிற்கக்கூடாதென்று பலகை வைத்திருக்கிறார்கள். டெக்ஸாஸ் தாராள மனதோடு 24 மணி நேரம் கொடுக்கிறது. ஆனால் டெக்ஸாஸ் எங்கள் வழியில் இல்லை.

காசு கொடுத்துத் தங்குவதற்கு முகாம்கள் இல்லாமலில்லை. 1962-இல் மான்டானா மாகாணத்து பில்லிங்ஸ் நகரில் டேவ் டிரம் என்பவர், ஸியாட்டிலில் நடந்த உலகக் கண்காட்சிக்குச் சாரிசாரியாகப் போகும் ஜனங்களைப் பார்த்து, எல்லோஸ்டோன் நதிக்கரையில் இருந்த தமது நிலத்தில் வெந்நீரும் மேஜையும் கழிப்பறையும் வைத்து இடம் வாடகைக்கு விட்டார். கே.ஓ.ஏ. என்ற மஞ்சள் பலகையோடு இன்று தேசம் முழுவதும் காணப்படும் முகாம்களுக்கு அதுவே மூல க்ஷேத்திரம். இப்பொழுது இப்படிப்பட்ட முகாம்களில் ஓரிரவுக்கு 40 டாலரும் கேட்கிறார்கள், 80 டாலரும் கேட்கிறார்கள். நீச்சல் குளம், குழந்தைகள் துள்ளிக் குதிப்பதற்குக் காற்றடைத்த மெத்தை, சனிக்கிழமைகளில் பான்கேக் விருந்து என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வாடகை. இரவு ஒன்பது மணிக்கு வந்து படுத்து, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும் அறுபத்தெட்டு வயதுக்காரன் காற்றடைத்த மெத்தையில் எப்பொழுது குதிப்பது என்று தாங்களே சொல்லுங்கள்.

அதே 1962-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், ஆர்க்கன்ஸா மாகாணத்து ராஜர்ஸ் என்ற ஊரில் சாம் வால்டன் என்ற வியாபாரி தமது முதலாவது வால்மார்ட் கடையைத் திறந்தார். இரவுக்கு இடம் விற்கிறவரும், காசு கேட்காமலே இடம் கொடுக்கப்போகிறவரும் ஒரே வருஷத்தில் தொழில் ஆரம்பித்தார்கள் என்பதை விதியின் லீலை என்றுதான் கொள்ள வேண்டும். இன்று வால்மார்ட்டுக்கு இந்தத் தேசத்தில் மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் உண்டு. மோட்டார் வீட்டுக்காரர்களைப் பற்றி அந்த ஸ்தாபனம் பகிரங்கமாகத் தன் கொள்கையைச் சொல்லியிருக்கிறது. அவர்கள் தனக்கு வேண்டிய வாடிக்கைக்காரர்கள். மின்சார இணைப்பு முதலான வசதிகள் தன்னிடம் கிடையா. வெற்றிடம் எவ்வளவு இருக்கிறது, உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அனுசரித்து அந்தந்தக் கடை மானேஜரே அனுமதி வழங்குவார். இவ்வளவே அதன் சாராம்சம். ஆகையால் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் ராஜம் டெலிபோனை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு நாங்கள் போய்ச் சேரக்கூடிய ஊரின் கடையைக் கூப்பிடுவாள். மருந்து வேண்டுமா, மூக்குக் கண்ணாடி வேண்டுமா, டயர் மாற்ற வேண்டுமா என்று இயந்திரக் குரல் ஒன்று விசாரிக்கும். எதுவும் வேண்டாம், தூங்க வேண்டும் என்பதற்கு அதில் எண் கிடையாது. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவதி எடுத்து, மானேஜரைக் கேட்டுவிட்டு, "அதற்கென்ன கண்ணே, தோட்டச் சாமான் விற்கும் பக்கமாக, ஓரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்" என்பாள். அறுபத்தைந்து வயதில் முன்பின் அறியாதவளால் கண்ணே என்று விளிக்கப்படுவதில் ராஜத்துக்கு உண்டாகும் ஆனந்தத்துக்காகவே நான் முகாம்களை வெறுக்கிறேன் என்று தாங்கள் நினைத்தாலும் ஆட்சேபமில்லை.

அந்த வண்டி நிறுத்தும் மைதானங்களின் விஸ்தீரணத்தைத் தங்களுக்குக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். வால்மார்ட்டின் பெரிய ரகக் கடையொன்று சராசரியாக 1,80,000 சதுர அடி, அதாவது நாலு ஏக்கருக்குச் சற்று மேல். இந்நாட்டு நகரசபைகளின் விதிப்படி, சில்லறைக் கடை ஒவ்வொன்றும் ஆயிரம் சதுர அடிக்கு நாலோ ஐந்தோ கார்களுக்கு இடம் விட்டுக் கட்டப்பட வேண்டும் என்பது நெடுங்காலச் சம்பிரதாயம். நாலு என்றே வைத்துக்கொண்டாலும் 720 கார்கள். போக்குவரத்துச் சந்துகளையும் சேர்த்துக் காருக்கு 300 சதுர அடி என்றால் ஏறக்குறைய ஐந்து ஏக்கர். நம் கணக்கில் பதினைந்து மா. தகப்பனார் நமக்கு விட்டுப்போனதைக் காட்டிலும் அதிகமான நிலம், அண்ணா, தார் ஊற்றிக் கோடு போட்டுக் கிடக்கிறது. நவம்பர் மாதத்து நன்றியறிதல் பண்டிகைக்கு மறுநாள், ஜனங்கள் மலிவு விலைக்கு முண்டியடிக்கும் அந்த ஒரு வெள்ளிக்கிழமையை உத்தேசித்துப் போட்ட கணக்கு இது. எஞ்சிய நாட்களில் பாதி இடம் காலி. இரவிலோ முழுவதும் காலி. லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த டொனால்டு ஷூப் என்பவர் 2005-இல் 'தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்' என்று ஒரு பெரும் புஸ்தகமே எழுதி, இலவசமாக வண்டி நிறுத்துவது என்று உலகத்தில் எதுவும் இல்லை, அந்த நிலத்தின் செலவு கடையில் விற்கும் ஒவ்வொரு பண்டத்தின் விலையிலும் ஒளிந்துகொண்டிருக்கிறது, நடந்து வருகிறவனும் காரில் வருகிறவனுக்காகப் பணம் கட்டுகிறான் என்று வாதாடினார். வாதம் நியாயமானதுதான். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு நெப்ராஸ்காவில் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

ராமேசுவர யாத்திரைக்காரர்களுக்காகத் தஞ்சாவூர் மகாராஜாக்கள் சாலை நெடுகிலும் கட்டிவைத்த சத்திரங்களை உத்தேசித்து, அவை போலத்தானே இவையும் என்று ராஜம் ஒருநாள் சொன்னாள். எனக்கு அது முழுச் சம்மதமில்லை. சரபோஜி மகாராஜா ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டியபோது, வழிப்போக்கன் பசியாறிப் படுக்க வேண்டும் என்றே நினைத்துக் கட்டினார். இங்கேயோ அப்படி நினைத்தவர் ஒருவருமில்லை. நகரசபையார் கார்களை நினைத்தார்கள். கடைக்காரர் பண்டிகை வியாபாரத்தை நினைத்தார். தார் ஊற்றிய கண்டிராக்டர் தம் பில்லை நினைத்தார். மூவருடைய நினைவிலும் இடம் பெறாத நாங்கள் அங்கே போய்ச் சுகமாகப் படுத்துக்கொள்கிறோம். தர்மம் செய்ய வேண்டுமென்ற சங்கல்பமே இல்லாமல் ஒரு தர்மம் நடந்துவிடுமானால் அதன் புண்ணியம் யார் கணக்கில் சேரும் என்று தாங்கள் நம் சாஸ்திரிகளை ஒரு வார்த்தை கேட்டு எழுதினால் நலம்.

வியாபாரியின் கணக்கில் என்ன சேருகிறது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒருவர் இடத்தில் சும்மா தங்கிவிட்டுப் போவது ராஜத்தின் வம்சத்திலேயே கிடையாது. ஆகவே, பெயருக்கு ஒரு பால் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று உள்ளே போவாள். மடக்கு நாற்காலி இரண்டு, தர்பூசணி ஒன்று, பேரனுக்குத் தண்ணீர்த் துப்பாக்கி, வண்டியில் ஏற்கெனவே இருக்கிற சாமானுக்குத் துணையாக அதே சாமான் மற்றொன்று என்று ஒரு தள்ளுவண்டி நிறைய வெளியே வரும், பாலைத்தான் மறந்திருப்பாள், அதற்காக நான் போக நேரும். முகாமில் கொடுத்திருக்க வேண்டிய 50 டாலரை மிச்சப்படுத்த நாங்கள் 90 டாலர் செலவிட்ட இரவுகள் உண்டு. மேல்மாடியில் மூளையுள்ள எந்த வியாபாரி இப்படிப்பட்ட விருந்தாளிகளைத் துரத்துவான்?

தங்குகிறவர்களுக்குள் எழுதாத ஆசாரக் கோவை ஒன்று உண்டு. அதை மீறுகிறவனை மற்ற மோட்டார் வீட்டார் வாய் திறந்து கண்டிக்க மாட்டார்கள், ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடுவார்கள், அதுவே பகிஷ்காரம். வாசலுக்கு எட்டத்தில், வாடிக்கைக்காரர்களுக்கு இடைஞ்சலில்லாத ஓரமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் வீட்டுச் சுவரின் ஒரு பகுதி வெளியே நகர்ந்து அறையை விசாலமாக்கும் ஏற்பாடு பல வண்டிகளில் உண்டு. கூடியவரையில் அதை அழுத்தலாகாது. வண்டியைச் சமப்படுத்தும் இரும்புக் கால்களைக் கோடை வெயிலில் இளகிய தாரின்மேல் இறக்கினால் அவை பள்ளம் பறித்துவிடும். ஆகையால் சற்றுச் சாய்ந்தபடியே உறங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வெளியில் நாற்காலி போட்டு உட்காருவது, பந்தலை விரிப்பது, கரி அடுப்பு மூட்டுவது எல்லாம் மகாபாதகங்கள். ராஜம் வாங்கிய மடக்கு நாற்காலிகள் இரண்டும் அன்று முதல் இன்று வரையில் மடங்கியே இருப்பதன் காரணம் இதுதான். ஜெனரேட்டரை இரவில் ஓட்டலாகாது. ஓரிரவுக்கு மேல் தங்கலாகாது. வந்தபோது கிடந்த குப்பையையும் சேர்த்துப் பொறுக்கிக்கொண்டு போகிறவன் உத்தமன்.

இத்தனையும் அனுசரித்துவிட்டு, நிசப்தமான நித்திரை கிடைக்குமென்று எண்ணிப் படுத்தால், அது நடவாது. விளக்குக் கம்பங்களின் பிரகாசத்தில் படுக்கையில் படுத்தபடியே பஞ்சாங்கம் படிக்கலாம். நடுநிசிக்குமேல், மைதானத்தைப் பெருக்கும் லாரி ஒன்று வரும். காலியாயிருக்கிற பதினைந்து மாவையும் பெருக்கி முடித்தபின் அது எங்கள் ஜன்னலுக்கடியில் உள்ள மூன்றடி நிலத்துக்கு விசேஷ சிரத்தை செலுத்துவதைக் கண்டிருக்கிறேன். பக்கத்தில் குளிர்சாதன லாரி ஒன்று நின்றுவிட்டால் அதன் எந்திரம் அணைந்து அணைந்து மூளும். ஓடும்போது வராத தூக்கம் அது நின்ற மாத்திரத்தில் வரும், வந்தவுடன் அது மறுபடி ஓடும். அந்த லாரிக்காரரை நொந்துகொள்வதில் பயனில்லை. 11 மணி நேரத்துக்குமேல் ஓட்டக்கூடாது, பிறகு 10 மணி நேரம் ஓய்வெடுத்தே தீர வேண்டும் என்று மத்திய சர்க்கார் அவருக்கு விதித்திருக்கிறது. ஆனால் அந்த 10 மணி நேரத்துக்கு லாரியை நிறுத்துவது எங்கே என்பதை விதித்தவர்கள் அவருக்குச் சொல்லவில்லை. எங்களைக் காட்டிலும் அவருக்கே அந்த இடம் உரியது.

தாங்கள் கேட்ட திருட்டு பயம் எங்களுக்கு நேரவில்லை. நேர்ந்தது வேறொன்று. ஐயோவாவில் ஒரு சாயங்காலம் ராஜம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கதவைப் படபடவென்று தட்டும் ஓசை கேட்டது. அடுத்த வண்டியிலிருந்த மின்னஸோட்டாக்காரர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட உபாத்தியாயர், முகமெல்லாம் வெளிறிப்போய், "காஸ் கசிகிறது, அம்மா, உடனே வெளியே வாருங்கள்" என்று கூவினார். அடுப்பெரிக்கும் புரொபேன் வாயுவுக்குச் சுயமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமென்று கந்தகச் சேர்க்கையுள்ள ஒரு திரவியத்தை அதில் கலந்திருக்கிறார்கள். நம் பெருங்காயத்தின் மணமும் கந்தகச் சேர்மங்களால் உண்டாவதே. அந்த மனிதருடைய நாசி ரஸாயன சாஸ்திரப்படி சரியாகவே வேலை செய்தது. நான் பெருங்காயக் கட்டியைக் கையில் கொடுத்து விளக்கினேன். அவர் முகர்ந்து பார்த்து, இதை நீங்களாக விரும்பியா சாப்பாட்டில் போடுகிறீர்கள் என்று கேட்டார். ஒரு கோப்பை ரசம் உள்ளே போனபின் கேள்வி மாறிற்று. மறுநாள் காலையில் அவருடைய மனைவி தாம் காய்ச்சிய நாவல் நிறத்துப் பழக்கூழ் ஒரு சீசாவும், தோசை எப்படி வார்ப்பது என்ற விசாரணையுமாக வந்தார். அவர்கள் குளிர்காலத்துக்கு அரிசோனாவுக்குப் போய்விட்டுக் கோடையில் ஊர் திரும்பும் ஜாதி; பனி விழுமுன் தெற்கே போகும் பறவைகளின் பெயரையே ஜனங்கள் அவர்களுக்கு வைத்திருக்கிறார்கள்.

நெப்ராஸ்காவில் அந்தச் சாலை பிளாட் நதியை ஒட்டியே போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்த லட்சக்கணக்கானோர் துணிக்கூண்டு மாட்டுவண்டிகளில் போன தடமும் அதே நதிக்கரைதான். அவர்கள் இரவில் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, மாடுகள் ஓடிவிடாமல் நடுவில் அடைப்பார்களாம். எங்களிடம் மாடுகள் இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று மோட்டார் வீடுகள் ஒரே மைதானத்தில் சேர்ந்துவிட்டால், யாரும் சொல்லாமலே அவை ஒன்றுக்கொன்று அருகில் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லா ஊரிலும் இந்த உபசாரம் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு நகரில், டெலிபோனில் அனுமதி கிடைத்த பிறகும், பதினொரு மணிக்குக் காவலாளி ஒருவர் வந்து கதவைத் தட்டினார். கடைக்காரருக்கு ஆட்சேபமில்லையாம், நகரசபைச் சட்டத்துக்கு ஆட்சேபமாம். தூங்கி எழுந்தவனுக்குச் சட்ட நுட்பம் புரியாது என்பதை அறிந்த நல்ல மனிதராகையால், அந்தத் தடையில்லாத வேறொரு மைதானத்துக்கு வழி சொல்லிவிட்டுப் போனார். இப்படிப்பட்ட தடைகள் வரவர அதிகமாகின்றன. காசு வாங்கும் முகாம்காரர்கள், இலவசத்தோடு நாங்கள் எப்படிப் போட்டியிடுவது என்று நகரசபைகளில் முறையிடுகிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயமில்லையென்று சொல்வதற்கில்லை.

மற்றொரு காரணத்தை எழுதக் கை சிறிது தயங்குகிறது. அதே மைதானங்களில், எங்களுக்கு அப்பால், இன்னும் இருட்டான மூலையில், பழைய வான்களும், ஜன்னலுக்கு உட்புறம் துண்டு கட்டிய சாதாரணக் கார்களும் நிற்கும். அவற்றில் இருப்பவர்கள் எல்லோஸ்டோனுக்குப் போகிறவர்கள் அல்ல; வீட்டு வாடகை கொடுக்கத் திராணியில்லாமல் காரையே வீடாகக் கொண்டவர்கள்; பலர் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். இப்படி ஊரூராக வண்டியில் திரிந்து கூலி வேலை செய்யும் முதியவர்களைப் பற்றி ஜெஸிகா புரூடர் என்ற அம்மையார் 2017-இல் 'நோமட்லாண்ட்' என்ற நூலை எழுதினார். அதைத் தழுவிய படத்துக்கு 2021-இல் ஆஸ்கர் பரிசு வந்தது. பரிசு வழங்கியதோடு தேசம் அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டதாகக் கருதியதோ என்னவோ, பொது இடங்களில் படுத்துறங்குவதைத் தண்டிக்கும் உரிமை நகரங்களுக்கு உண்டென்று 2024 ஜூன் மாதத்தில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நானும் அந்தக் காரில் இருப்பவரும் ஒரே தாரின்மேல் ஒரே காரியத்தைச் செய்கிறோம். என் வண்டி 25 அடி நீளமாயிருப்பதனால் அது உல்லாசப் பிரயாணம் என்றும், அவருடைய வண்டி 15 அடியாயிருப்பதனால் அது குற்றம் என்றும் காவலாளிக்குத் தோன்றிவிடுகிறது. முதலில் தட்டப்படுவது அவருடைய கதவுதான். மானேஜர்கள் அனுமதிப் பலகையைக் கழற்றிவிட்டுத் தடைப் பலகையை மாட்டும்போதும், நாங்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறோம். அவருக்கு அடுத்த ஊர் என்று ஒன்று இல்லை, காலையில் அங்கேதான் வேலை.

வால்மார்ட்டைத் தவிர வேறு ஆசிரயங்களும் உண்டு. நெப்ராஸ்காவில் சிட்னி என்ற சிற்றூரில் வளர்ந்த கபேலாஸ் என்னும் வேட்டைச் சாமான் கடைகள் சிலவற்றில், நாய்க்குக் கூண்டும், குதிரை கொண்டு வருகிறவருக்குக் குதிரை கட்டும் பட்டியும், எங்கள் மூன்றாவது தொட்டியைச் சாந்தப்படுத்தும் துவாரமும்கூட வைத்திருக்கிறார்கள். இரண்டாவதும் மூன்றாவதுமான தொட்டிகளைக் கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது. அதற்கென்று உள்ள துவாரத்தில் குழாய் பொருத்தித்தான் காலி செய்யவேண்டும். அங்கே வரிசையில் நிற்கும்போது, கோடீசுவரனுடைய நாற்பதடி மாளிகை வண்டியும் என்னுடைய பழைய வண்டியும் முன்பின்னாக நின்று, இருவரும் ரப்பர்க் கையுறை அணிந்து, முகத்தை வேறு திசையில் திருப்பிக்கொண்டு ஒரே பணியைச் செய்கிறோம். ஜனநாயகத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு அந்த இடத்தில்தான் பிரத்தியட்சமாயிற்று. கிராக்கர் பேரல் என்று 1969-இல் டென்னஸி மாகாணத்தில் ஆரம்பமான ஓர் உணவு விடுதி வரிசையும் உண்டு. அதன் கிளைகள் பலவற்றில் பின்புறமாக நீண்ட வண்டிகளுக்கென்றே கோடு போட்ட இடங்கள் இருக்கின்றன. முன் தாழ்வாரம் முழுவதும் ஆடுநாற்காலிகள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ராஜம் ஒன்றிலும் நான் ஒன்றிலும் அமர்ந்து ஆடிக்கொண்டே நெடுஞ்சாலையில் போகும் விளக்குகளைப் பார்ப்போம். கடைவாசலில் குடித்தனம் செய்வது அவமானம் என்று தாங்கள் இன்னமும் கருதினால், அந்தத் தாழ்வாரத்தில் ஒரு நாழிகை உட்கார்ந்துவிட்டுப் பிறகு சொல்லவும்.

அதற்காகவே, அடுத்த கோடையில் தாங்களும் அண்ணியும் அவசியம் புறப்பட்டு வரவேண்டும். ஏணியேறும் படுக்கை எங்களுக்கு. மேஜைப் படுக்கை தங்களுக்கு. ஆகவே அண்ணியின் முழங்கால்களுக்கு ஒரு குறையும் வராது. ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் ராஜம் எழுதச் சொல்கிறாள். நல்ல தண்ணீர்த் தொட்டி 40 காலன், அதாவது சுமார் 150 லிட்டர். நாலு பேருக்கு இரண்டு நாள் வரவேண்டும். தாங்களோ துலா மாதத்தில் காவேரி முழுவதையும் சொந்தமாக்கிக்கொண்டு ஸ்நானம் செய்து பழகியவர்கள். இங்கே உடலை நனைத்ததும் குழாயை மூடி, சோப்புத் தேய்த்தபின் திறந்து, மூன்று நிமிஷத்தில் வெளியே வந்துவிட வேண்டும்; ஸ்தோத்திரங்களைத் தலை துவட்டும்போது சொல்லிக்கொள்ளலாம். சம்மதமானால் இருவருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பவும். விசா கொடுக்கிறவர், அமெரிக்காவில் எங்கே தங்குவீர்கள் என்று நிச்சயமாகக் கேட்பார். கொலம்பஸில் உள்ள எங்கள் வீட்டு விலாசத்தை மட்டும் சொன்னால் போதும், மேற்கொண்டு ஒன்றும் விஸ்தரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி.